கிரேன் இல்லாத காலத்துக் கல்வேலை

திருச்சி கைலாசபுரத்தில் கொதிகலன் தொழிற்சாலையின் அருகே வளரும் பிள்ளைகளுக்குக் கிரேன் புதிதல்ல. பல டன் எடையுள்ள இரும்புப் பாகங்களை அது தூக்கி வைப்பது அவர்களுக்கு அன்றாடப் பேச்சு. அத்தகைய மாணவன் ஒருவனுக்கு ஈஸ்டர் தீவின் கற்சிலைகளைப் படத்தில் காட்டினேன். “சார், கிரேன் இல்லாமல் இதை எப்படிச் செய்திருக்க முடியும்? வேற்றுக் கிரகத்தார் வந்து செய்தார்களாமே!” என்றான்.

கேள்வியின் முதல் பாதி அருமையானது. இரண்டாம் பாதியைச் சும்மா விடக்கூடாது. விட்டால், நாளை நம் மலைக்கோட்டையையும் யாரோ வானத்திலிருந்து வந்து குடைந்தார்கள் என்பார்கள். உளி பிடித்த கைகளுக்குரிய பெருமை பறிபோய்விடும். ஆகவே, முதலில் மலைக்கோட்டைக்கே போய் வருவோம், வாருங்கள்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கடந்து படியேறுகிறோம். தாயுமானவர் கோயிலைத் தாண்டி, உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் இடப்பக்கம் ஒரு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமான் சுவரில் நிற்கிறார். தூண்கள் கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இவற்றில் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தவில்லை. வேண்டாத கல்லை அகற்றியபின் எஞ்சியதுதான் தூண், எஞ்சியதுதான் சிற்பம். இதே மன்னன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் அமைத்ததைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான்.

கீழே இறங்கி மலையின் தென்புறம் சென்றால், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியர் குடைவரையைக் காணலாம். சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே இரு கருவறைகள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் 7 பெறும். சாதாரண இரும்பு அதைவிட மென்மையானது. மென்மையான பொருள் கடினமான பொருளை எப்படி வெட்டும்?

உளி கல்லைக் கீறுவதில்லை, நொறுக்குகிறது. ஒரு கிலோ எடைச் சுத்தியல், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து உளியில் மோதி, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். உந்த மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் விசை 5,000 நியூட்டன்; அதாவது, ஏறத்தாழ 500 கிலோ எடை! உளிமுனையின் பரப்பு 10 சதுர மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 50 கிலோ அழுத்துகிறது. கருங்கல் பொதுவாகத் தாங்குவது 10 முதல் 25 கிலோதான். துணுக்கு தெறிக்கிறது. முனை மழுங்கினால் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். அதனால்தான் கல்தச்சர் அடிக்கடி உளியைக் காய்ச்சித் தீட்டுகிறார்.

கல்லுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அழுத்தினால் தாங்குமே தவிர, இழுத்தால் தாங்காது. இழுவிசையைத் தாங்கும் திறன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு அடித்தால், ஆப்பு கல்லை இருபுறமும் விலக்கித் தள்ளும். வரிசை நெடுகப் பிளவு ஓடும்.

இப்படித்தான் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி உண்டா? உண்டு. நிறைவுபெற்ற கோயில் வேலையின் சுவடுகளை மறைத்துவிடும். நிறைவுபெறாத வேலை அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகள் சிலவற்றில், பாறையில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டிச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சதுரக் கட்டியாகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் விமானத்தின் மேற்பகுதி முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. மேலிருந்து கீழாக வெட்டினார்கள் என்பது விளங்குகிறதல்லவா? சாரம் கட்டும் தொல்லை இல்லை. நின்று வேலை செய்யப் பாறையே தரை.

இந்தப் பாடத்துடன் இப்போது பசிபிக் மாகடலுக்குப் போவோம். சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவில், ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவு தனித்துக் கிடக்கிறது. ஏறத்தாழ 1,000 சிலைகள். அவற்றை ‘மோவாய்’ என்கிறார்கள். சிலைகளின் மோவாய்க்கட்டையும் பெரிதுதான். ஆனால் தமிழோடு பெயர் ஒத்திருப்பது தற்செயலே! ரானோ ராராகு என்ற எரிமலைச் சரிவில் சுமார் 400 சிலைகள் பல நிலைகளில் நின்றுபோயிருக்கின்றன. சில, முதுகு மட்டும் பாறையோடு ஒட்டிய நிலையில் படுத்திருக்கின்றன. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல் அது. அதைவிடக் கடினமான பசால்ட் கல்லே உளி. அந்தக் கல்லுளிகளும் அங்கேயே கிடைத்துள்ளன.

பல டன் சிலையை நகர்த்தியது எப்படி? “சிலைகள் நடந்து போயின” என்பது தீவினரின் மரபுக் கதை. கனமான பீரோவை நம் வீட்டில் எப்படி நகர்த்துகிறோம்? தூக்குவதில்லை, ஒரு பக்கம் சாய்த்து, மறு மூலையை முன்னே திருப்பி, மாற்றி மாற்றி ‘நடத்துகிறோம்’. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடித்தளத்துக்குள் விழும்வரை பீரோ கவிழாது. 2012ல் வெளியான ஆய்வு ஒன்றில், 18 பேர் மூன்று கயிறுகளைக் கொண்டு 4 டன்னுக்கு மேற்பட்ட கான்கிரீட் மாதிரிச் சிலையை இவ்வாறே நடத்திக் காட்டினார்கள். மரச்சறுக்கில் கிடத்தி இழுத்தார்கள் என்று கூறும் ஆய்வாளர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இரு கட்சிக்கும் தேவை கயிறும் மரமும் மனிதரும்தாம். விழுந்த சிலையை நிமிர்த்துவதும் இயலாததன்று. 1956ல் தீவினர் 12 பேர், நெம்புகோலால் சிறிது சிறிதாக உயர்த்தி, அடியில் கற்களை அடுக்கி அடுக்கி, 18 நாட்களில் ஒரு சிலையை நிறுத்தினார்கள்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை மலைக்கோட்டை ஏறும்போது, தூணின் மூலையில் உளித்தடம் தெரிகிறதா என்று கூர்ந்து பாருங்கள். பார்த்தால் போதும்; ஆணியால் உங்கள் பெயரைச் செதுக்க வேண்டாம். 1,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே வேலை செய்தவர்கள்கூடத் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளாமல் போயிருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அந்த உளித்தடம்தான்.