டியூக் அணி மீண்டெழுந்த வரலாறு

கல்லூரி அணியொன்று ஆண்டுதோறும் ஒருபாதி கரைந்து மறுபாதி புதிதாக உருவாகும் இயல்பினது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுங்கால விதிப்படி ஒரு மாணவன் நான்கு பருவங்களே தன் சர்வகலாசாலைக்காக ஆடலாம். பின்னர் எத்துணைத் திறமை வாய்ந்தவனாயினும் விடைபெறவேண்டியதே. ஆகவே அங்குள்ள கூடைப்பந்தாட்டப் பயிற்றுநருக்குத் தொழில் இரண்டு: இருப்பவரைப் பயிற்றுதல் ஒன்று, வரவேண்டியவரைத் தேடிச் சேர்த்தல் மற்றொன்று. முன்னது எல்லார் கண்ணுக்கும் புலப்படும். பின்னதன் அருமையை நம்மவரிற் பலர் அறியார். அதனை வட கரோலினா மாநிலத்து டியூக் சர்வகலாசாலையின் வரலாறு கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

1980ஆம் ஆண்டில் அச்சர்வகலாசாலை மைக் ஷிஷெவ்ஸ்கி என்னும் 33 வயதினரைப் பயிற்றுநராக நியமித்தது. (அப்பெயர் அமெரிக்கர் நாவுக்கே அடங்காமையால் 'கோச் கே' என வழங்கலாயிற்று, நாமும் அவ்வாறே வழங்குவோம்.) முந்திய பருவத்தில் அவர் பயிற்றிய இராணுவக் கல்லூரி அணி 9 ஆட்டங்களில் வென்று 17இல் தோற்றிருந்தது. இத்தகையவரையா தேடிப் பிடித்தார்கள் எனப் பலர் வியந்ததில் வியப்பில்லை.

முதற் பருவம் 17 வெற்றி, 13 தோல்வியோடு கழிந்தது. அது முன்னவர் தேடி வைத்த முதுசொம். ஜீன் பாங்க்ஸ் முதலிய மூத்த மாணவர் 1981இல் விலகவே வெறுமை வெளிப்பட்டது. அடுத்த பருவத்தில் வெற்றி 10, தோல்வி 17.

ஆட்டக்காரரைச் சேர்ப்பது எவ்வாறு? பயிற்றுநர் மாணவனுடைய வீட்டுக்கே சென்று, பெற்றோருடன் அமர்ந்து பேசுதல் வேண்டும். கட்டணம், உணவு, உறையுள் என்பவற்றுக்கான புலமைப்பரிசிலைப் பெருங் கல்லூரிகள் யாவும் அளிக்க வல்லன. ஆதலின் அந்நாளிற் பயிற்றுநர்மீது அவ்வீட்டார் கொண்ட நம்பிக்கையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது. நம் ஊரிற் சம்பந்தம் பேசப் போவாருக்கு வேண்டிய பொறுமை அதற்கும் வேண்டும். கோச் கே தொடக்கத்தில் நாடிய பெயர்பெற்ற மாணவர் பலர் கைநழுவினர். கிறிஸ் மலின் என்பார் நியூயோர்க்கிலுள்ள தம் ஊர்க் கல்லூரியையே தெரிந்துகொண்டார்.

1982இலேதான் வலை நிறைந்தது. வாஷிங்ரன் நகரிலிருந்து ஜோனி டோக்கின்ஸ், அரிசோனாவிலிருந்து மார்க் அலரி, கலிபோர்னியாவிலிருந்து ஜே பிலாஸ், வட கரோலினாவிலிருந்தே டேவிட் ஹெண்டர்சன் ஆகியோர் வந்து சேர்ந்தனர். ஆயினும் இளைஞர் நிறைந்த அவ்வணி முதலாண்டில் 11 வெற்றியும் 17 தோல்வியுமே கண்டது. 1983 மார்ச்சில், பருவத்தின் இறுதியாட்டத்தில், வேர்ஜீனியா அணி அதனை 109-66 எனத் துவைத்தெடுத்தது.

பயிற்றுநரை விலக்குக என்ற கூக்குரல் எழுந்தது. அதனை எழுப்பியவருட் பழைய மாணவரும் நன்கொடையாளரும் இருந்தனர். பழைய மாணவரின் அன்பு சில வேளைகளில் அவசரமாய் மாறும் என்பதைப் பழைய மாணவராகிய நாமே கூறுதல் தகும். விளையாட்டுத்துறைத் தலைவரான ரொம் பட்டர்ஸ் அக்குரலுக்குச் செவிசாயாது, 1984 ஜனவரியில் கோச் கேயின் ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்கு நீடித்தார். எமது கருத்தில் இவ்வரலாற்றின் துணிவுமிக்க செயல் அதுவே. ஏனெனில் அன்று அவர் கையிற் காட்டுதற்கு வெற்றிக் கிண்ணம் ஒன்றேனும் இல்லை.

அப்பருவம் 24 வெற்றியோடு முடிந்தது. 1986இல், அந்நால்வரும் மூத்த மாணவராயிருந்தபோது, அணி 37 ஆட்டங்களில் வென்று, தேசிய இறுதியாட்டத்தில் லூயிவில் அணியிடம் 72-69 எனத் தோற்றது. தேசியப் பட்டம் 1991இலேதான் முதன்முதலாகக் கிடைத்தது. 2015 வரையில் அவ்வெண்ணிக்கை ஐந்தாயிற்று. கோச் கே 2022இல் ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் அவ்விடத்தை ஏற்றவர் ஜோன் ஷையர். 2010இற் பட்டம் வென்ற அணியில் ஆடிய பழைய மாணவர்.