உங்களுக்குத் தெரியுமா? தும்மலுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஒரே பாதை

2016 நவம்பர் 21 மாலை, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடியுடன் புயல்காற்று வீசியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு விரைந்தார்கள். 10 பேர் உயிரிழந்தார்கள். எவ்வளவு கொடுமை! ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்களாகிவிட்டது என்பதே நிபுணர்கள் தரும் விளக்கம். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்குமுன் ஆஸ்துமா இருந்ததில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு வசந்தகாலத்தில் அடுக்குத் தும்மலும் மூக்கொழுகலும் உண்டு.

மூக்கும் மூச்சுக்குழாயும் தொடர்ச்சியான ஒரே பாதை. மேலே தொடங்கும் ஒவ்வாமை அழற்சி கீழேயும் இறங்கலாம். அதனால் தும்மலோடு இரவு இருமலோ இளைப்போ சேர்ந்தால், மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். மூக்கு ஒவ்வாமைக்கு முறையான சிகிச்சை எடுத்தால் ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பதும் எளிதாகும்.