வார்சோவுக்காகப் பயின்றவர்கள் றைன் கரையில் குதித்தார்கள்

நாட்டை இழந்தவர்கள் அந்நிய மண்ணில் இருந்துகொண்டு திரும்பிச் செல்லும் நாளை எண்ணுவது உலக வழமை. அந்தத் திரும்பும் பயணத்தை வானத்தின் வழியே மேற்கொள்ள எண்ணிய அகதிகளும் வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்ட போலந்தின் முதலாவது சுதந்திரப் பரசூட் படையணியின் வரலாறு அத்தகையது.

1939 செப்டெம்பரில் போலந்து வீழ்ந்தது. அந்நாட்டுப் படைவீரர் பலர் ஹங்கேரி, ருமேனியா வழியாகப் பிரான்சுக்கும், 1940இல் பிரான்சும் வீழ்ந்தபின் பிரித்தானியாவுக்கும் வந்துசேர்ந்தனர். சோவியத் முகாம்களில் அடைபட்டிருந்து பின்னர் விடுவிக்கப்பட்டு வந்தோரும் அவர்களிடையே இருந்தனர். வார்சோவில் சிறைப்பிடிக்கப்பட்டுத் தப்பிவந்த ஸ்ரனிஸ்லாவ் சொசபோவ்ஸ்கி என்னும் தளபதி, 1941இல் இவர்களைக் கொண்டு இப்படையணியைக் கட்டியெழுப்பினார். 'மிகக் குறுகிய வழியில்' என்பது அதன் மகுட வாசகம். தாயகத்துக்கான மிகக் குறுகிய வழி வானமே என்பது அதன் பொருள். வார்சோவில் மக்கள் கிளர்ந்தெழும் நாளில் அங்கு குதிப்பதே அதன் இலக்கு. ஆக்கிரமிப்பின் கீழிருந்த வார்சோவின் பெண்கள் இரகசியமாகத் தைத்த கொடியொன்று, கடத்திவரப்பட்டு 1944 யூனில் படையணியின் கைக்குக் கிட்டியது.

பரசூட் வீரனின் பயிற்சி எத்தகையது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். ஸ்கொட்லாந்தின் லார்கோவில் மரங்களுக்கிடையே கயிறுகளும் தடைகளும் அமைத்து உடலைப் பதப்படுத்தினர். அவ்விடத்துக்கு வீரர்கள் இட்ட பெயர் 'குரங்குத் தோப்பு'. உயர்ந்த கோபுரமொன்றிலிருந்து குதித்துத் தரையிறங்கப் பழகினர். அதன்பின் மஞ்செஸ்ரர் அருகேயுள்ள றிங்வேயில், கயிற்றால் பிணைக்கப்பட்ட பலூனிலிருந்தும் விமானத்திலிருந்தும் குதித்தனர். பலூனிலிருந்து குதிப்பதையே பலர் அதிகம் அஞ்சினர். விமானத்தில் இயந்திர இரைச்சலும் காற்றின் வேகமும் மனிதனைச் சிந்திக்க விடுவதில்லை. பலூனிலோ முழு நிசப்தம். கீழே உள்ள வெறுமை தெளிவாகத் தெரியும்.

வீரனின் பரசூட்டைத் திறப்பது அவன் கையன்று. விமானத்துடன் இணைக்கப்பட்ட பட்டியொன்று, அவன் வெளியே விழுந்ததும் அதனை இழுத்துத் திறக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயத்தம், பச்சை விளக்கு எரிந்தால் பாய்ச்சல். அக்காலத்துப் பிரித்தானிய முறையில் இரண்டாவது பரசூட் வழங்கப்படவில்லை. முதுகிலுள்ள ஒன்று விரியாவிடின் மாற்றுவழி எதுவுமில்லை. குதித்தவன் தரையை அடைவதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே செல்லும். ஆயினும் அந்நேரம் முழுவதும் அவன் திருப்பிச் சுட இயலாத இலக்காகத் தொங்குகிறான்.

1944 ஓகஸ்ட் 1ஆம் திகதி வார்சோ கிளர்ந்தெழுந்தது. ஆனால் படையணி அனுப்பப்படவில்லை. அது ஏற்கெனவே பிரித்தானியத் தலைமையின் கீழ் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வார்சோவோ மிகத் தொலைவில் இருந்தது. எந்த நகருக்காகப் பயின்றார்களோ அந்நகர் எரிந்துகொண்டிருக்கையில், அவர்கள் இங்கிலாந்தில் காத்திருந்தார்கள். உணவுண்ண மறுத்துத் தம் எதிர்ப்பைக் காட்டியவர்களும் உண்டு. அக்கிளர்ச்சியில் சொசபோவ்ஸ்கியின் மகன் தன் பார்வையை இழந்தான்.

அவர்களுக்குக் கிடைத்த களம் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம். அங்குள்ள றைன் பாலத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை செப்டெம்பர் 17ஆம் திகதி ஆரம்பமானது. இத்திட்டத்தைப் பற்றிய ஐயங்களைச் சொசபோவ்ஸ்கி முன்னரே வெளிப்படையாகத் தெரிவித்திருந்தார். மூடுபனியினால் நாட்கள் கழிந்து, 21ஆம் திகதியே அவருடைய பரசூட் வீரர்கள் புறப்பட்டனர். 114 விமானங்களுள் 41 விமானங்கள் காலநிலை காரணமாக வழியிலேயே திருப்பி அழைக்கப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேர் எதிரியின் சூட்டினூடே, நதியின் தென்கரையிலுள்ள டிறீல் கிராமத்தருகே இறங்கினர். அக்கரை செல்வதற்கு அவர்கள் நம்பியிருந்த தோணித்துறை பயன்படும் நிலையில் இருக்கவில்லை.

அக்கரையில் பிரித்தானிய முதலாவது வான்வழிப் படைப்பிரிவு முற்றுகைக்குள் அழிந்துகொண்டிருந்தது. சிறு இறப்பர்ப் படகுகளில், எதிரி வானில் ஏவிய ஒளிக்குண்டுகளின் வெளிச்சத்தில், முதல் இரவில் ஏறத்தாழ ஐம்பது பேரும் மறுநாள் இரவில் ஏறத்தாழ நூற்றைம்பது பேரும் கடந்தனர். 25ஆம் திகதி இரவு முற்றுகைக்குள் எஞ்சியோர் மீட்கப்பட்டனர். இறங்கிய பத்தாயிரம் பேர்வரையான பிரித்தானிய அணியில் திரும்பியோர் இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே.

தோல்விக்கு ஒரு பொறுப்பாளி வேண்டியிருந்தது. வான்படைக் கோரின் தளபதியான ஜெனரல் பிறவுணிங், சொசபோவ்ஸ்கி ஒத்துழைப்பதற்குக் கடினமானவர் என நவெம்பரில் கடிதம் எழுதினார். டிசெம்பரில் அவர் தம் படையணியின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். திட்டத்தை வகுத்தவர்கள் பதவியில் இருக்க, அதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டிய அந்நியரின் மீது பழி விழுந்தது. தனக்கென அரசொன்று பின்னால் நிற்காதவனின் மீது பழி சுமத்துவது எளிது.

போர் முடிந்தபின் போலந்தில் அமைந்த கம்யூனிச அரசு 1946இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவர் இலண்டனிலேயே தங்கினார். மனைவியையும் பார்வையிழந்த மகனையும் வரவழைத்து, மின்சாதனத் தொழிற்சாலையொன்றின் களஞ்சியத்தில் வேலை செய்து வாழ்ந்தார். படித்த படிப்புக்கும் வகித்த பதவிக்கும் தொடர்பற்ற வேலையில் நாட்களைக் கழிப்பது எவ்வாறிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தம்முடன் வேலை செய்தவர் ஒரு தளபதி என்பதைச் சக தொழிலாளர்கள் அவருடைய இறுதிச் சடங்கின்போதுதான் அறிந்தனர் என்பர். அவர் மறைந்தது 1967 செப்டெம்பர் 25ஆம் திகதி. ஆர்ன்ஹெமிலிருந்து எஞ்சியோர் மீட்கப்பட்ட அதே நாள். 1969இல் அவருடைய உடல் வார்சோவில் அடக்கம் செய்யப்பட்டது.

அவரை மறவாதிருந்தவர்கள் டிறீல் கிராமத்து மக்கள். போரின்போது காயமுற்ற போலந்து வீரர்களைப் பராமரித்த கோரா பால்ருசன் என்னும் பெண்மணி, அவர்களுக்குரிய கௌரவம் கிடைக்க நீண்டகாலம் போராடினார். 2006 மே 31ஆம் திகதி நெதர்லாந்து அரசி பியற்றிக்ஸ், படையணிக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த இராணுவ விருதையும், சொசபோவ்ஸ்கிக்கு வெண்கலச் சிங்க விருதையும் வழங்கினார். கோரா அதனைக் காண உயிருடன் இருக்கவில்லை.

அறுபத்திரண்டு ஆண்டுகள் தாமதித்து வந்த நீதி இது. அதனைத் தேடித் தந்தது அவ்வீரர்களுடைய சொந்த நாடுமன்று, அவர்கள் எவருடைய ஆணையின்கீழ்ப் போரிட்டார்களோ அந்த வல்லரசுமன்று. தன் வயல்களில் விழுந்த அந்நியரின் பெயர்களை மறவாது காத்த ஒரு சிறு கிராமம். நடந்ததை எழுதிவைப்பதும், கண்டவர்கள் சொல்லிக்கொண்டேயிருப்பதும் வீணாகாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.