விரிதாளும் மீள்வரு தொடர்பும்

எண்வரிசை ஒன்றை அறிதற்கு வழிகள் இரண்டு உள. வேண்டிய இடத்து உறுப்பை நேரே தரும் பொதுச் சூத்திரம் ஒன்று. முன்னைய உறுப்புகளிலிருந்து அடுத்த உறுப்பை ஆக்கிக்கொள்ளும் விதி மற்றொன்று. பின்னது மீள்வரு தொடர்பு எனப்படும். கூட்டல் விருத்தியையும் பெருக்கல் விருத்தியையும் கற்கும் மாணாக்கர் பெரும்பாலும் முன்னதையே மனனஞ் செய்து பழகுகின்றனர். ஆயினும் உலகியலில் வளர்ச்சியும் தேய்வும் பின்னதன் வழியே நிகழ்கின்றன. நேற்றிருந்ததிலிருந்தே இன்றிருப்பது பிறக்கின்றது. இவ்வுண்மையை வகுப்பறையிற் கண்கூடாகக் காட்டுதற்கு எளிய விரிதாள் ஒன்று போதும். ஆனால், அவ்விரிதாள் எதைக் காட்டும், எதைக் காட்டமாட்டாது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

மீள்வரு தொடர்பு இந்நாட்டார்க்குப் புதியதன்று. நாராயண பண்டிதர் 1356ஆம் ஆண்டில் இயற்றிய கணித கௌமுதியில் ஒரு பசுக்கணக்கு உண்டு. பசுவொன்று ஆண்டின் தொடக்கந்தோறும் ஒரு கன்றை ஈனுகின்றது. அக்கன்றும் தன் நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கொரு கன்றை ஈனுகின்றது. இருபது ஆண்டுகளில் மந்தையின் தொகை யாது என்பது வினா.

விரிதாளில் இக்கணக்கை அமைத்தல் எளிது. முதல் நிரலில் 0 முதல் 20 வரை ஆண்டுகளை இடுக. இரண்டாம் நிரலின் முதல் மூன்று கலங்களில் 1, 2, 3 என எழுதுக. நான்காங் கலத்தில், தனக்கு மேலுள்ள முதலாங் கலத்தையும் மூன்றாங் கலத்தையும் கூட்டும் சூத்திரத்தை எழுதிக் கீழ்நோக்கிப் பிரதி செய்க. பிரதி செய்யுந்தோறும் சூத்திரம் தன் இடத்திற்கேற்ப முகவரியை மாற்றிக்கொள்ளும். அதுவே மீள்வரு தொடர்பின் இயல்பு. 4, 6, 9, 13, 19, 28 எனப் பெருகி, இருபதாம் ஆண்டில் 2745 என்னும் விடை தோன்றும். மூன்றாம் நிரலில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தியதால் வகுத்தால், ஈவு 1.4656 என்னும் எண்ணை அணுகி நிற்பதும் புலனாகும்.

விடை கிடைத்தவுடன் பாடம் முடிந்துவிடுவதில்லை. முதலாங் கலத்தையும் மூன்றாங் கலத்தையும் கூட்டுவது ஏன்? சென்ற ஆண்டு இருந்தவை யாவும் இவ்வாண்டும் உள. புதிதாகப் பிறப்பன, மூன்றாண்டுகளுக்கு முன்பு இருந்த ஒவ்வோர் உயிருக்கும் ஒன்று வீதம் ஆகும். இவ்விளக்கத்தை விரிதாள் தராது. மாணாக்கனின் சிந்தனையே தருதல் வேண்டும்.

விரிதாளின் பிறப்பும் வகுப்பறையோடு தொடர்புடையதே. ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் பயின்ற டான் பிரிக்ளின், ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த கணக்குப் பட்டியலிற் பிறந்த எண்ணத்தை வளர்த்து, பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979ஆம் ஆண்டில் விசிகால்க் என்னும் விரிதாளை வெளியிட்டார். கரும்பலகையில் ஓரெண்ணை மாற்றினால் அதன்வழி வந்த எல்லாவற்றையும் அழித்து எழுதவேண்டும். விரிதாளிலோ அம்மாற்றம் கணத்தில் எங்கும் பரவுகின்றது. தொடக்க மதிப்பை மாற்றிப் பார்த்தல் என்னும் ஆய்வு இதனாலேயே மாணாக்கர்க்குக் கைகூடுகின்றது.

புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் அமைந்தது ஆலங்குடா. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் இப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாகும். படகுக்கு இயந்திரமும் தோட்டத்திற்கு நீரிறைக்கும் பொறியும் வாங்கக் கடன்படுவோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மீள்வரு தொடர்பு ஏட்டுச் சுரைக்காய் அன்று. எடுத்துக்காட்டாக, ஒருவர் 240,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு 2 வட்டிக்குப் பெற்று, மாதந்தோறும் 5,000 ரூபா செலுத்துகின்றார் எனக் கொள்க. மீதிக்கே வட்டி கணிக்கப்படுமாயின், அடுத்த மாத மீதி, இம்மாத மீதியை 1.02ஆற் பெருக்கி 5,000ஐக் கழித்தால் வருவதாகும்.

தவணைத் தொகையைத் தனிக் கலத்தில் இட்டு, அதன் முகவரியை நிலைப்படுத்தி, சூத்திரத்தைக் கீழ்நோக்கி இழுத்தால், முதல் மாத முடிவில் கடன் 200 ரூபாவே குறைந்திருத்தல் தெரியும். அது முற்றுந் தீர 163 மாதங்கள், அதாவது பதின்மூன்றரை ஆண்டுக்கு மேல், செல்லும்; செலுத்திய மொத்தமோ எட்டு இலட்சத்தையும் கடக்கும். கடன் 250,000 ஆயிருப்பின் மாத வட்டியே 5,000 ஆதலால், எத்தனை ஆண்டு செலுத்தினும் கடன் அணுவும் குறையாது. அதற்கு மேற்பட்டதாயின் வளர்ந்துகொண்டே போகும்.

இனி, தவணையை 6,000 ஆக்கிப் பார்க்க. 240,000 ரூபாக் கடன் 82 மாதங்களில் தீர்கின்றது. செலுத்திய மொத்தமும் ஐந்து இலட்சத்தை எட்டவில்லை. ஆயிரம் ரூபா கூட்டியதாற் காலம் பாதியானது ஏன்? 5,000 செலுத்துவோர்க்கு அசையா நிலை 250,000. அதற்கும் கடனுக்கும் உள்ள இடைவெளி 10,000. அவ்விடைவெளி மாதந்தோறும் 1.02 மடங்காகி, 250,000ஐ எட்டும்போது கடன் தீரும். ஆகவே அது 25 மடங்காதல் வேண்டும். 6,000 செலுத்துவோர்க்கு அசையா நிலை 300,000, இடைவெளி 60,000, அது 5 மடங்கானாற் போதும். ஐந்து மடங்காகும் காலம் இருமுறை கழிந்தாலன்றி இருபத்தைந்து மடங்காகாது. எண்களைத் தந்தது விரிதாள். காரணத்தைக் கண்டது அறிவு.

விரிதாளை முற்றாக நம்புதலும் தகாது. 0.1இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பையும் 10ஆற் பெருக்கி 0.9ஐக் கழிக்கும் விதியை எடுத்துக்கொள்க. 1இலிருந்து 0.9 போக 0.1, ஆதலால் உறுப்பெல்லாம் 0.1 ஆகவே நிற்றல் வேண்டும். விரிதாளிலோ, இருபது நிரைகளுக்குள்ளாகவே எண்கள் தடம் புரண்டு வெகுதூரம் விலகிவிடுகின்றன. மூன்றிலொன்றைத் தசமத்தில் முடிவின்றி எழுதவேண்டியிருப்பதுபோல, 0.1ஐயும் 0.9ஐயும் கணினியின் துவித எண்முறையில் முடிவுற எழுதல் இயலாது; ஓரிடத்தில் வெட்டியே வைக்கவேண்டும். அவ்வாறு நேர்ந்த நுண்ணிய பிழையைப் படிதோறும் பத்து மடங்காக்குவது மேற்கூறிய விதியே. மேலே கண்ட கடனின் இடைவெளி வளர்ந்ததும் இதே முறையில்தான் என்பதை மாணாக்கர் உணர்வாராயின், இருவேறு பாடங்கள் ஒன்றாகிவிடும்.

கணினி அரிதாயுள்ள பள்ளியிலும் இம்முறை பயன்படும். முதல் ஆறு நிரைகளை மாணாக்கர் கோடிட்ட தாளிற் கையாற் கணித்து, அடுத்து வருவதை ஊகித்த பின்னர், வகுப்பிற்கு ஒரே கணினியாயினும் அதனைக் கொண்டு ஊகத்தைச் சோதிக்கலாம். நூறு நிரைகள் ஒத்துவரினும் அது நிறுவல் ஆகாது. நூற்றோராவது நிரைக்கும் பொருந்துமெனக் காட்டுதற்குக் கணிதத் தொகுத்தறிமுறை வேண்டும். கையாற் கணித்தல், ஊகித்தல், சோதித்தல், நிறுவுதல் என்னும் நான்கும் இவ்வொழுங்கில் அமையுமாயின் விரிதாள் நல்ல துணையாகும். நிறுவுதலை விடுத்து, திரையிற் கண்டதே முடிவெனக் கொள்ளும் மாணாக்கன் பழைய மனனத்தை விட்டுப் புதியதொரு மனனத்தையே பற்றியவனாவான்.