0.1 தெரியாத கம்ப்யூட்டர் மேப்பில் எப்படித் தேடுகிறது?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து கொள்ளுங்கள். காலியாக உள்ள ஏதாவது ஒரு செல்லில் =(43.1-43.2)+1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0.9 என விடை வரும். சரிதானே? இப்போது அதே செல்லில் ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். நம்பர் பிரிவில் டெசிமல் பிளேசஸ் என்ற இடத்தில் 15 என அமைத்து ஓகே கிளிக் செய்யுங்கள். விடை 0.899999999999999 என மாறி நிற்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதைக் காட்டும்போதெல்லாம், "வைரஸா சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வைரஸ் இல்லை. கம்ப்யூட்டர் தசம எண்களைச் சேமிக்கும் முறையே அப்படித்தான்.

நம் பழைய கணக்கில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்கள் உண்டு. அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பின்னங்கள் இந்த வரிசையில் வருபவை மட்டுமே. 1/10க்கு நம் முன்னோர் இருமா என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரிடம் இருமா கிடையாது. மாகாணி, அதில் பாதி, அதற்கும் கீழே என்று பல துண்டுகளைக் கூட்டி 0.1க்கு மிக அருகில் வந்துவிடும், சரியாக 0.1 ஆகாது. 1ஐ 3ஆல் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் ஓடுகிறதே, அதே கதைதான். எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இப்படிச் சேமிக்கும் எண்களைப் புளோட்டிங் பாயின்ட் எண்கள் என்கிறார்கள். 1985ல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரம்தான் இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் அடிப்படை. இதில் இரண்டு அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 4 பைட் எண்ணில் ஏறத்தாழ 7 இலக்கங்கள் நம்பகமானவை. 8 பைட் எண்ணில் 15 இலக்கங்கள். எக்செல் பயன்படுத்துவது 8 பைட் எண். இந்த இலக்கக் கணக்கு புள்ளிக்கு இருபுறமும் சேர்த்துத்தான். புள்ளிக்கு முன்னால் இலக்கங்கள் கூடினால் பின்னால் குறையும்.

எக்செல்லில் 15வது இலக்கம் பிசகினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மேப் டேட்டாபேஸில் கதை வேறு.

பூமியில் ஓர் இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் போதும். சென்னைக்கு அட்சரேகை சுமார் 13.08, தீர்க்கரேகை சுமார் 80.27. இந்த எண்களை 4 பைட்டில் வைத்தால் என்ன ஆகும்? 64க்கும் 128க்கும் இடைப்பட்ட 4 பைட் எண்கள் 1/1,31,072 என்ற இடைவெளியில்தான் இருக்கின்றன. ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடுகள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இந்த ஸ்கேலின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் கிழக்கு மேற்காக சுமார் 83 சென்டிமீட்டர். வடக்கு தெற்காகப் பார்த்தால் எண் 13 மட்டுமே என்பதால் கோடுகள் நெருங்கி, சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும்.

எண் சிறியதாக ஆக, கோடுகள் மேலும் நெருங்கும். அப்படியானால் மிக நுணுக்கமான இடம் எது? அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடலில் இருக்கிறது. யாரும் குடியிருக்காத தண்ணீருக்குத்தான் இந்த முறை அதிக துல்லியத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது!

"பிறகு ஏன் 4 பைட்? 8 பைட்டில் வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். இடங்களின் உண்மையான விவரம் பொதுவாக 8 பைட்டில்தான் இருக்கும். 4 பைட் நுழைவது இண்டெக்ஸில். இண்டெக்ஸ் என்றால் புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு போன்றது. முழுப் புத்தகத்தையும் புரட்டாமல் வேண்டிய பக்கத்துக்குப் போக உதவுவது.

மேப்புக்கான இண்டெக்ஸில் புகழ்பெற்றது ஆர்-ட்ரீ. 1984ல் அன்டோனின் கட்மன் என்பவர் வெளியிட்டது. யோசனை எளிமையானது. ஒவ்வொரு வீட்டையும் ஒரு செவ்வகப் பெட்டிக்குள் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளைச் சேர்த்துப் பெரிய பெட்டியில் வையுங்கள். அவற்றையும் சேர்த்து இன்னும் பெரிய பெட்டி. தேடும்போது, நாம் கேட்ட இடத்தைத் தொடாத பெரிய பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அதற்குள் இருக்கும் ஆயிரம் வீடுகளும் ஒரே அடியில் கழிந்துவிடும்.

ஒரு பெட்டிக்கு நான்கு எண்கள் வேண்டும். 8 பைட் என்றால் 32 பைட். 4 பைட் என்றால் 16 பைட். பாதி இடம் மிச்சமானால் டிஸ்கிலிருந்து ஒரு முறை படிக்கும்போது கூடுதல் பெட்டிகள் கைக்கு வரும், தேடல் வேகமாகும். அதனால்தான் உங்கள் போனில் கூட இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் ஆர்-ட்ரீ, போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் வழக்கமான மேப் இண்டெக்ஸ் இரண்டுமே பெட்டிகளை 4 பைட் எண்களில் வைக்கின்றன.

இங்கேதான் ஓர் ஆபத்து. வீட்டின் கிழக்குச் சுவர் ஸ்கேலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருகில் உள்ள கோட்டுக்கு நகர்த்தினால் பெட்டி வீட்டை விடச் சிறியதாகிவிடலாம். அந்தச் சுவரை ஒட்டி ஒருவர் தேடினால், இண்டெக்ஸ் "இங்கே எதுவும் இல்லை" என்று சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. வீடு பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். நிலத்தடி எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பள்ளம் தோண்டுகிறவருக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நல்ல டேட்டாபேஸ்கள் அருகில் உள்ள கோட்டுக்கு நகர்த்துவதில்லை. இடது, கீழ் ஓரங்களைக் கீழ்நோக்கியும், வலது, மேல் ஓரங்களை மேல்நோக்கியும் நகர்த்துகின்றன. பெட்டி சற்றுப் பெரிதாகலாம், ஒருபோதும் சிறிதாகாது. கூடுதலாக உள்ளே வந்துவிட்டவற்றை இரண்டாம் கட்டமாக 8 பைட் விவரத்துடன் ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். விடை தப்பாது, நேரம்தான் கொஞ்சம் செலவாகும். என்னைக் கேட்டால் இது மிகச் சரியான பேரம்.

அந்த "கொஞ்சம்" எப்போது "நிறைய" ஆகும்? டீக்கடை, பெட்ரோல் பங்க் தேடுகிறவர்களுக்கு ஒருபோதும் ஆகாது. 83 சென்டிமீட்டர் கூடுதலாகத் தேடினால் இன்னொரு டீக்கடை வந்துவிடப் போவதில்லை. ஆனால் நில அளவைத் தொழிலில் இருக்கும் என் நண்பர் ஒருவர் லேசர் ஸ்கேன் டேட்டாவை வைத்திருக்கிறார். ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே ஏராளமான புள்ளிகள். "இண்டெக்ஸ் போட்டும் ஆமை வேகம்தான்" என்று அலுத்துக்கொண்டார். பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

1 மீட்டர் சதுரத்தில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக 100க்கு 100, மொத்தம் 10,000 புள்ளிகள். அதில் 10 சென்டிமீட்டர் சதுரத்தைத் தேடுகிறோம். வேண்டியது சுமார் 100 புள்ளிகள். ஆனால் இண்டெக்ஸில் ஒவ்வொரு புள்ளியும் 83க்கு 10 சென்டிமீட்டர் பெட்டியாக வீங்கி நிற்கிறது. தேடும் சதுரம் வடக்கு தெற்காக இரண்டு கட்டங்களைத் தொட்டாலே 83 x 21, அதாவது 1,700க்கும் மேற்பட்ட புள்ளிகளை இண்டெக்ஸ் அள்ளிக் கொடுக்கும். பத்தில் ஒன்று கூட வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே பெட்டி என்றால் ஆர்-ட்ரீயால் அவற்றைப் பிரித்து அடுக்கவும் முடியாது.

மேப் வெப்சைட்கள் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டர் என்ற முறையில் தூரம் மீட்டரில் இருக்கும். அதில் சென்னையின் கிழக்கு எண் 89 லட்சத்தைத் தாண்டும். 4 பைட் எண்ணுக்கு 83,88,608க்கு மேல் புள்ளிக்குப் பின்னால் எதுவுமே மிஞ்சாது. இடைவெளி முழுதாக 1 மீட்டர். மங்களூர் அந்த எல்லைக்குச் சற்று மேற்கே இருப்பதால் அங்கே அரை மீட்டர். வேடிக்கைதான்!

தீர்வு என்ன? முதல் வழி, சைட்டின் ஒரு மூலையை 0, 0 என்று வைத்து மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து அளப்பது. 100 மீட்டர் தூரத்தில் கூட 4 பைட் எண்ணின் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கட்டடம், ஒரு தொழிற்சாலை என்றால் இதுவே சிறந்தது. நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன்.

இரண்டாவது வழி, புள்ளியே இல்லாத முழு எண்கள். தீர்க்கரேகையை ஒரு கோடியால் பெருக்குங்கள். 80.27 என்பது 80,27,00,000 ஆகும். பூமியின் எல்லையான 180 கூட 180 கோடிதான். 4 பைட் முழு எண்ணில் 214 கோடி வரை வைக்கலாம். அதே 4 பைட், ஆனால் இடைவெளி 83 சென்டிமீட்டருக்குப் பதில் சுமார் 1 சென்டிமீட்டர், பூமி முழுவதும் ஏறத்தாழ அதற்கு மிகாமல். கினி வளைகுடாவுக்குச் சலுகை எதுவும் இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன் டேட்டாபேஸில் இடங்களை இப்படித்தான் வைத்திருக்கிறது. எஸ்க்யூலைட்டிலும் முழு எண்ணுக்கென்றே தனி ஆர்-ட்ரீ உண்டு. பெருக்கிய பிறகு கீழ் ஓரத்தைக் கீழ்நோக்கியும் மேல் ஓரத்தை மேல்நோக்கியும் முழுமையாக்க வேண்டியது புரோகிராம் எழுதுகிறவரின் பொறுப்பு.

வீட்டிலேயே மேப் செய்து பார்க்க விரும்பினால் இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் புரோகிராமை டவுன்லோட் செய்யுங்கள். லேயரை ஜியோபேக்கேஜ் பைலாகச் சேமிக்கும்போது ஸ்பேஷியல் இண்டெக்ஸ் என்ற இடத்தில் யெஸ் என்றே இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது எஸ்க்யூலைட்டின் 4 பைட் ஆர்-ட்ரீதான். தெரு, வீடு அளவுக்கு அது தாராளம்.