ஆற்றிலே போட்டுக் குளத்திலே எடுப்பது

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது போல" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்த வசனத்துக்கு உரிமை கொண்டாடக் கூடியவர்கள் விருத்தாசலத்துக்காரர்கள். அவ்வூரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பிரசித்தமான வரலாறு. எடுத்த பொன் முதலில் மாற்றுக் குறைந்திருந்ததாம். பதிகம் பாடிய பிறகே சரியாயிற்றாம்.

இன்று அதே ஊரிலிருந்து பல குடும்பங்கள் அயல் நாடுகளுக்குக் குடியேறுகின்றன. ரயிலேறித் திருச்சிராப்பள்ளி போய், விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்தால், சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் அவற்றை எடுத்துக் கொள்ளலாம். அதற்கும் அப்பால் ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்களுக்கு, இடையில் தங்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு முழு நாளோ அதற்கு மேலுமோ கூட ஆகலாம். பெட்டிகளுக்கு இதனால் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் கூடவே வந்த நாலு வயதுப் பெண்ணும் பத்து மாதப் பிள்ளையும் என்ன ஆகிறார்கள்? பொன்னுக்கே மாற்றுக் குறைந்தது என்றால், குழந்தைகளைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

கப்பல் கொடுத்த ஒரு வாரம்

நம் பாட்டனார் காலத்தில் இந்தப் பிரயாணத்தைக் கப்பலில் செய்தார்கள். 1926 முதல் 1973 வரையில் 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்து வந்தது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985-ம் வருஷத்தில் தீ விபத்துக்கு உள்ளாயிற்று. அந்தக் கப்பல் யாத்திரையும் முடிவுக்கு வந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குக் கப்பலில் சுகம் அதிகமில்லை. தலைசுற்றலும் வாந்தியும் உண்டு. ஆயினும் கப்பல் ஓர் உபகாரம் செய்தது. அது சுமார் ஒரு வார காலம் கொடுத்தது. கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைத்துக் கொண்டார்கள். உடம்பும் மனமும் நாளுக்கு நாள் புது இடத்துக்குத் தயாராயின.

ஆகாய மார்க்கம் திறந்தது நமக்குப் பெருமையான விஷயந்தான். 1932 அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபால் மற்றொரு விமானி மூலம் சென்னை வரையில் வந்து சேர்ந்தது. சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைவதற்குள், 1948 ஜூன் 8-ந் தேதி, ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பிற்று. தூரத்தை நாம் வென்றுவிட்டோம். ஆனால் குழந்தையின் உடம்பு பழைய வேகத்திலேதான் இருக்கிறது.

சூளை கற்பிக்கும் பாடம்

இதை விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஈர மண்ணில் வனைந்த பொம்மையை உடனே சூளையில் வைத்தால் வெடித்துவிடும். மெதுவாக உலர்த்த வேண்டும். சூட்டைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வெந்த பிறகும் அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால், குளிர்ந்த காற்றுப் பட்டுக் கீறல் விழும். மாறுதல் கெடுதல் அல்ல. திடீர் மாறுதல்தான் கெடுதல். குழந்தை விஷயத்திலும் இதுவே விதி.

ஆகவே பிரயாணம் வீட்டிலேயே ஆரம்பமாக வேண்டும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே தூங்கும் வேளையைப் போகிற நாட்டின் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தலாம். எங்கே போகிறோம், யார் உடன் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பதைக் குழந்தையிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பாட்டியும் வருவாள்" என்று பொய் சொல்லி ரயிலேற்றுவது சுலபம். அந்தப் பொய் பிறகு வெகு காலம் உறுத்தும். குழந்தைக்குத் தனிப் பாஸ்போர்ட்டு அவசியம். அதையும் தடுப்பூசிக் குறிப்பையும் கைப்பையிலேயே வைத்துக் கொள்வது விவேகம்.

ஆகாயத்திலே

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இராது. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போல், அதாவது கொடைக்கானலில் இருப்பது போல், இருக்கும். இறங்கும்போது அழுத்தம் மறுபடியும் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்கு மிகக் குறுகலானது; ஆகையால் காது அடைத்து வலிக்கிறது. விழுங்கும்போது அந்தக் குழல் திறந்து கொள்ளும். ஆதலால் விமானம் இறங்கத் தொடங்கியதும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். ஜலதோஷமோ காதுவலியோ இருந்தால் முன்னதாகவே வைத்தியரைக் கேட்டுவிட வேண்டும்.

உள்ளே காற்று மிகவும் வறண்டது. தண்ணீர் அடிக்கடி தேவைப்படும். 2006 முதல் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட திரவங்களுக்குத் தடை உண்டென்றாலும், சிசுக்களுக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் விலக்கு அளிக்கிறார்கள். முன்வரிசைத் தொட்டில் வேண்டுமானால் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பிராணவாயு முகமூடி கீழே இறங்க நேர்ந்தால், தாய் முதலில் தான் அணிந்து கொண்டு, பிறகுதான் குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். தாய் மனத்துக்கு இது ஒப்பாது. ஆனால் தாய் மயங்கிவிட்டால் குழந்தைக்கு யார் துணை?

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அழுகைக்குப் பயந்து, தூங்குவதற்காக இருமல் மருந்தையோ வேறு மருந்தையோ தாமாகவே கொடுக்கலாகாது. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைத் தரும். அளவு மிஞ்சினால் மூச்சுக்கே ஆபத்து. பக்கத்து ஆசனக்காரரின் முகச்சுளிப்பு இரண்டு மணி நேரத்தில் மறைந்துவிடும்.

இறங்கிய பிறகு

ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் சுமார் ஒரு நாள் என்ற கணக்கில் உடம்பின் கடிகாரம் திருந்துகிறது. கிழக்கே போகிறவர்களுக்கு மேற்கே போகிறவர்களைக் காட்டிலும் சிரமம் அதிகம். நடுநிசியில் விழித்துச் சோறு கேட்கும் குழந்தையை அதட்டிப் பயனில்லை. அதன் வயிற்றில் இன்னும் விருத்தாசலத்து மணிதான் அடிக்கிறது. காலை வெயிலில் விளையாட விடுவதே கைகண்ட மருந்து. வந்த மறுநாளே பள்ளிக்கூடம், விருந்து என்று இழுக்காமல் இருப்பது அதனினும் நல்லது. அத்துடன், தாத்தா பாட்டியின் முகத்தைக் குழந்தை தினமும் தொலைபேசியில் ஒரே வேளையில் பார்க்கும்படி செய்தால், குழந்தைக்கும் ஆறுதல்; ஊரில் வெறும் ஊஞ்சலைப் பார்த்துக் கொண்டிருக்கும் அவர்களுக்கும் ஆறுதல்.

பொன்னின் மாற்றுச் சரியாவதற்கு ஒரு பதிகம் வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ வேண்டியிருக்கும். அன்று கப்பல் கொடுத்த அந்த நாட்களை இன்று பெற்றோர்கள்தான் கொடுக்க வேண்டும்.