மானிட்டரைப் பார்த்து ஆபரேஷன்!

உங்கள் மேஜையில் வெப்கேமும் மானிட்டரும் மவுசும் இருக்கின்றனவா? அப்படியானால் லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சையைப் பாதி புரிந்துகொண்டு விட்டீர்கள். நான் டாக்டர் அல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு, என் பெரியம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "டிவியைப் பார்த்துத்தான் பண்ணுவாங்களாமே, நடுவுல கம்ப்யூட்டர் ஹேங் ஆயிட்டா என்னடா பண்ணுவாங்க?" அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கே தருகிறேன்.

எப்படி நடக்கிறது?

மயக்க மருந்து கொடுத்த பின், தொப்புள் அருகே சிறு துளையிட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். உள்ளே வேலை செய்ய இடம் வேண்டுமல்லவா? அந்தத் துளை வழியாக லேப்ராஸ்கோப் என்ற மெல்லிய குழாய் உள்ளே போகிறது. அதிலுள்ள ஃபைபர் ஆப்டிக் இழைகள் வெளிச்சத்தைக் கொண்டு செல்கின்றன. வெப்கேமில் இருப்பது போன்ற ஒரு சிப், உள்ளே தெரியும் காட்சியை மின் சிக்னலாக மாற்றி மானிட்டருக்கு அனுப்புகிறது. பித்தப்பை பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

இன்னும் இரண்டு மூன்று துளைகள் வழியாக நீளமான கருவிகளைச் செருகுவார்கள். துளைகள் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர்தான். பித்தப்பையின் குழாயையும் ரத்த நாளத்தையும் கிளிப் போட்டு வெட்டி, கல்லோடு பையையே வெளியே எடுத்துவிடுவார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எரிக் மூஹே என்ற டாக்டர் 1985-இல் இதை முதன்முதலில் செய்தார்.

ஹேங் ஆனால்?

சாதாரண லேப்ராஸ்கோப்பியில் கருவியை அசைப்பது டாக்டரின் கைதான், கம்ப்யூட்டர் அல்ல. மானிட்டர் அணைந்தால் கருவி தானாக எதையும் வெட்டாது. டாக்டர் கையை நிறுத்திவிட்டு மாற்று மானிட்டர் கேட்பார். வழியே இல்லை என்றால் வயிற்றைத் திறந்து பழைய முறையில் முடிப்பார்.

2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி ரோபோவிலும் முடிவெடுப்பவர் டாக்டரே. மவுஸ் பாயிண்டரின் வேகத்தைக் குறைத்தால், கை அதிகம் நகர்ந்தாலும் பாயிண்டர் கொஞ்சம்தானே நகரும்? ரோபோவின் கைகளும் அப்படித்தான். டாக்டரின் கை நடுக்கத்தையும் சாஃப்ட்வேர் வடிகட்டிவிடும்.

நோயாளிக்கு என்ன லாபம்?

வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்தால் மருத்துவமனையில் சில நாட்கள் தங்க வேண்டும், முழுதாகத் தேற 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். நுண்துளை முறையில் பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள், சுமார் 2 வாரங்களில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்புகிறார்கள். வலியும் தழும்பும் குறைவு. உள்ளே செலுத்திய வாயுவால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். பெரியம்மாவும், வயிற்றை விடத் தோள்தான் வலிக்கிறது என்றார்!

கவனிக்க வேண்டியவை

துளைதான் சிறியது, ஆபரேஷன் சிறியதல்ல. அதனால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்த முறையில் உங்களுக்கு எவ்வளவு அனுபவம்? வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அதற்கும் ஏற்பாடு உண்டா? வீடு திரும்பிய பின் காய்ச்சல், மஞ்சள் காமாலை, கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.